வீட்டுப்படமும் சிவப்பு மையும்

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார்” என்பது முன்னோர் வாக்கு. இவ்விரு கருமங்களிலும் கைப்பொருள் கரைவது போலவே மனமும் கரையும் என்பதை அவர்கள் அனுபவத்தாலே அறிந்திருந்தனர். இக்காலத்தில் வீடு கட்டப் புகுவோர் இவ்வாக்கோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: “படத்தைத் திருத்திப்பார்.” ஏனெனில், இன்று வீட்டுப்படம் தாளில் வருவதற்கு முன்னரே கைத்தொலைபேசியில் வந்து சேர்கிறது. அதனை நால்வர் நான்கு தேசங்களிலிருந்து திருத்துகின்றனர். அத்திருத்தங்களுள் எதை நம்பிக் கட்டுவது என்று தெரியாமல் மேசன் கைகட்டி நிற்கிறார்.

மன்னார் நகருக்குத் தெற்கே, பெருநிலத்துக் கடற்கரையில் அமைந்த வங்காலையை எடுத்துக்கொள்வோம். புனித அன்னம்மாள் ஆலயத்தாலும் மீன்பிடித் தொழிலாலும் பெயர்பெற்ற ஊர் அது. அதனை அடுத்துள்ள உப்புவெளியும் சதுப்பு நிலமும் 2008ஆம் ஆண்டில் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. 2010இல் அச்சரணாலயம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் வரிசையிலும் இடம்பெற்றது. இவ்வாறு ஒரு புறம் கடலும் மறு புறம் பறவைகள் வாழும் நீர்நிலமுமாக அமைந்த ஊரில், வீடு கட்டுதல் என்பது உப்போடும் ஈரத்தோடும் ஓயாது போராடுதலேயாகும்.

போர் முடிந்த பின்னர் மன்னார் மாவட்டத்தில் வீடு கட்டும் வேலை புதிதாய்த் தொடங்கிற்று. 2012ஆம் ஆண்டு முதல் இந்திய அரசின் உதவியோடு வடக்கிலும் கிழக்கிலும் நடைபெற்ற வீடமைப்புத் திட்டத்தில், பயனாளி ஒருவருக்கு 5,50,000 ரூபா தவணை முறையில் வழங்கப்பட்டது. வீட்டுக்காரரே கல்லும் மணலும் வாங்கி, மேசனை அமர்த்தி, வேலையை மேற்பார்க்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் முறை. அதுவரை வரைபடம் என்றால் ஓவசியர் கையில் சுருட்டிவைத்திருக்கும் ஒரு பொருள் என்றே எண்ணியிருந்த குடும்பத் தலைவரும் தலைவியரும் படத்தை வாசிக்க வேண்டியவராயினர். அதன் பின் கட்டப்படும் வீடுகளிற் பலவற்றுக்குப் பணம் கடல் கடந்து வருகிறது. பணம் அனுப்பும் பிள்ளை படத்தையும் பார்க்க விரும்புவது இயல்புதானே! ஆகவே, படத்தைத் திரையிலே திருத்தும் கலை இன்று பொறியியலாளருக்கு மட்டும் உரியதன்று, குடும்பத்துக்கும் உரியதாயிற்று.

நீலத்தாளிலிருந்து திரைக்கு

கட்டட வரைபடத்தைப் பிரதி செய்யும் நீல அச்சு முறையை 1842ஆம் ஆண்டில் ஜோன் ஹேர்ஷல் என்னும் ஆங்கில விஞ்ஞானி கண்டுபிடித்தார். நீலப் பரப்பில் வெண்கோடுகள் துலங்கும் அத்தாள்களே நெடுங்காலம் கட்டட வேலைக்கு ஆதாரமாயிருந்தன. திருத்தம் வேண்டுமாயின் வண்ணப் பென்சிலால் அதன்மேல் எழுதுவர். எழுதியவரின் கையெழுத்தும் தேதியும் அதில் இருக்கும். தாளும் ஒன்று, திருத்தமும் ஒன்று. எனவே குழப்பத்துக்கு இடம் குறைவு.

1993இல் அடோபி நிறுவனம் பி.டி.எப். என்னும் கோப்பு வகையை வெளியிட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2008இல் அது சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. கட்டட வரைபடங்களை இவ்வடிவிற் பெற்று, அவற்றின்மேல் குறியிடவும் அளக்கவும் எண்ணவும் உதவும் மென்பொருள்கள் பின்னர் தோன்றின. அவற்றுள் புகழ்பெற்ற புளூபீம் ரெவ்யூ, 2002இல் அமெரிக்காவின் பசதீனா நகரில் தோன்றிய நிறுவனத்தின் ஆக்கமாகும். 2014இல் அந்நிறுவனத்தை நெமெச்செக் என்னும் ஜெர்மானியக் குழுமம் வாங்கிற்று. பெரிய ஒப்பந்தகாரரும் அளவையாளரும் இத்தகைய மென்பொருளைச் சந்தா கட்டிப் பயன்படுத்துகின்றனர். வீட்டுக்காரர் அதனை வாங்க வேண்டுமென்பதில்லை. படத்தில் ஒரு குறிப்பு எழுத இலவசமாகக் கிடைக்கும் அடோபி ரீடரே போதும். ஆயினும் எதைப் பயன்படுத்தினும் வரும் தொல்லைகள் பெரும்பாலும் ஒன்றே.

அத்தொல்லைகளின் வேரை இரண்டு வாக்கியங்களில் அடக்கிவிடலாம். முதலாவது: பி.டி.எப். தாளை அறியும், வீட்டை அறியாது. இரண்டாவது: நாம் இடும் குறி படத்தின்மேல் எழுதப்படுவதில்லை, படத்தின்மேல் விரித்த மெல்லிய கண்ணாடித்தாள் போன்ற வேறோர் அடுக்கில் எழுதப்படுகிறது. இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

அளவு பிழைத்தால்

பொறியியலாளர் 1:100 என்னும் அளவுத்திட்டத்தில் ஏ1 தாளுக்கென ஒரு படம் வரைகிறார் எனக் கொள்வோம். அத்தாள் 841 மில்லிமீற்றர் நீளமும் 594 மில்லிமீற்றர் அகலமும் உடையது. அலுவலகத்தில் உள்ள சிறிய இயந்திரத்துக்காக ஒருவர் அதனை ஏ3 தாளில் அடக்கிப் பி.டி.எப். ஆக்கி அனுப்புகிறார். ஏ3 தாளின் நீளம் 420 மில்லிமீற்றரே. கோடுகள் எல்லாம் பாதியாய்ச் சுருங்கிவிட்டன. ஆனால் மூலையில் “1:100” என்னும் எழுத்து மட்டும் மாறாமல் நிற்கிறது. உண்மையில் அப்படம் இப்பொழுது 1:200 ஆகிவிட்டது.

இதனை அறியாமல் மென்பொருளில் 1:100 எனக் குறித்து அளப்போமாயின், 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அறை 6 அடிக்கு 5 அடி எனக் காட்டும். நீளம் பாதியாகும்போது பரப்பு காற்பங்காகும். 120 சதுர அடி 30 சதுர அடியாய்விடும். இரண்டடிச் சதுர மாபிள் 30 வேண்டிய அறைக்கு எட்டு வாங்கினாற் போதும் எனக் கணக்கு வரும். இவ்வளவு பெரிய பிழை கண்ணிற் படும். தாளுக்குள் அடக்கும்போது நூற்றுக்கு ஐந்து வீதம் சுருங்கியதோ பெருத்ததோ கண்ணிற் படாது, அதுவே ஆபத்தானது.

பரிகாரம் எளிது. படத்தில் எழுத்தால் அளவு குறிக்கப்பட்ட நீண்ட கோடொன்றைத் தெரிந்து, அதன் இரு முனைகளையும் மென்பொருளுக்குக் காட்டி, “இது இத்தனை அடி” எனச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பின்னர் அளவு தெரிந்த வேறொரு கோட்டை அளந்து சோதிக்க வேண்டும். ஒன்று கிடையாகவும் மற்றது நிலைக்குத்தாகவும் இருத்தல் நன்று. பழைய தாளை இயந்திரத்திற் படமெடுத்துப் பெற்ற கோப்புகளில் நீளவாக்கும் அகலவாக்கும் வெவ்வேறு விகிதத்தில் இழுபட்டிருப்பதுண்டு. இரண்டுக்கும் தனித்தனி அளவுத்திட்டம் கொடுக்க ரெவ்யூவில் வழியுண்டு.

அடியும் அங்குலமும் வழங்கும் நம் நாட்டில் இன்னொரு பொறியும் உண்டு. திரையில் 10.5 அடி என்று காட்டினால் அது 10 அடி 6 அங்குலமேயன்றி, 10 அடி 5 அங்குலமன்று. பொறியியலாளரின் படம் மில்லிமீற்றரில் இருக்க, மேசனின் நாடா அங்குலத்திற் பேசும் இடத்தில் இவ்வொரு புள்ளி கதவு நிலையைக் கெடுத்துவிடும். எந்த அலகில் அளவு தோன்ற வேண்டும் என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே தீர்மானித்து அமைத்துக்கொள்க. எழுதிய அளவும் அளந்த அளவும் முரண்படின் எழுதிய அளவே கொள்ளத்தக்கது என்பது தொழிலின் பழைய விதி. இரண்டும் ஐயத்துக்கிடமாயின் வரைந்தவரைக் கேட்பதே வழி.

கடற்கரை ஊருக்கு இது மிகவும் முக்கியம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அவ்வலயத்துள் கட்டட வேலை செய்வதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். உண்மையில் 290 மீற்றர் தூரத்தில் உள்ள காணி, ஐந்து வீதம் பெருத்த படத்தில் 304.5 மீற்றரில் இருப்பதாகத் தோன்றும். அனுமதி வேண்டாமென்று எண்ணி அத்திவாரம் வெட்டியவர் பின்னர் படும் துயரத்துக்கு மென்பொருள் உத்தரவாதம் தராது. எல்லைத் தூரத்தை நில அளவையாளரே சொல்ல வேண்டும். திரையில் அளப்பது கேள்வி எழுப்புவதற்கே உதவும். சட்டத்தை வீண் தொல்லை என்று எண்ணுவோர், வங்காலைக்குத் தெற்கே அரிப்பில் நிற்கும் அல்லிராணிக் கோட்டையைச் சென்று பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் எழுப்பிய அம்மாளிகையின் சுவர்களைக் கடல் அரித்து வீழ்த்தியிருக்கிறது.

மறைந்துபோகும் குறிகள்

“குறியிட்டு அனுப்பினேன்” என்பார் மகன்; “ஒன்றும் வரவில்லையே, தம்பி” என்பார் தந்தை. இருவரும் மெய்யே சொல்கின்றனர். குறிகள் தனி அடுக்கில் உள்ளன என்று முன்னரே கூறினோம். சில தொலைபேசிகளில் உள்ள எளிய வாசிப்புக் கருவிகள் அவ்வடுக்கைக் காட்டுவதில்லை; காட்டினும் சிலவற்றை விட்டுவிடுவதுண்டு. அச்சடிக்கும் கடையிலும் இதே கதைதான். அச்சுக்குரிய அமைப்பில் “ஆவணம் மட்டும்” என்றிருந்தால் திருத்தமில்லாத படமே தாளில் வரும். “ஆவணமும் குறிகளும்” என்று தெரிந்தால்தான் சிவப்புக் கோடுகள் வரும்.

இதற்குத் திண்ணமான பரிகாரம், குறிகளைப் படத்தோடு பதித்துவிடுதல். அவ்வாறு பதித்த பிரதியில் குறியும் படமும் ஒன்றாகிவிடும். எந்தக் கருவியிலும் தோன்றும். ஆனால் பதித்த குறியை மீண்டும் திருத்துதல் அரிது. ஆகையால் பதிக்காத மூலப்பிரதியை வேறாக வைத்துக்கொண்டு, மற்றொரு பிரதியையே பதித்து அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் மூலம் அனுப்புவோர் படத்தை ஆவணமாகவே அனுப்புக; திரையைப் புகைப்படமெடுத்து அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, எண்கள் மங்கி, 3 என்பது 8 எனத் தோன்றும்.

இன்னொரு மறைவு இதனினும் கொடியது. சிலர் வேண்டாத பகுதியை வெள்ளைக் கட்டத்தால் மூடுவர். சிலர் திருத்திய இடத்தைச் சுற்றி மேகக்குறியிட்டு உள்ளே நிறம் நிரப்புவர். அதன் அடியில் அகப்பட்ட எழுத்தை எவரும் காணார். கொங்கிறீற்றினுள் இருக்கும் இரும்புக் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையில் எத்தனை மில்லிமீற்றர் கனம் விட வேண்டும் என்ற குறிப்பு அவ்வாறு மூடப்பட்டதாகக் கொள்வோம். வங்காலைக் காற்றில் உப்பு உண்டு. கனம் குறைந்த கொங்கிறீற்றினூடே உப்பும் ஈரமும் சென்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பினும் அதிக இடங்கொள்வதால் கொங்கிறீற்று வெடித்துப் பெயரும். கட்டிய ஆண்டில் எதுவும் தெரியாது. சில ஆண்டுகளின் பின் முகட்டிலிருந்து துண்டுகள் விழும்போதுதான் மூடிய குறிப்பின் விலை தெரியவரும். மேகக்குறிக்கு உள்நிறம் வேண்டாம். வேண்டுமாயின் அடியிலுள்ள எழுத்துத் தெரியும்படி மென்மையாக இருக்கட்டும்.

தமிழெழுத்துப் படும் பாடு

மேசனுக்கு விளங்க வேண்டுமென்று தமிழிற் குறிப்பெழுத முனைவோர் வேறொரு தடையைச் சந்திப்பர். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் எழுதிய குறிப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களின் குப்பையாய்த் தோன்றும். யூனிகோட் முறையில் எழுதினும், சில மென்பொருள்களின் குறிப்புப் பெட்டியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம்மாறி நிற்கும்; வேறு சிலவற்றில் வெற்றுக் கட்டங்களே வரும். தமிழெழுத்துக்களை முறைப்படி இணைத்துக் காட்டும் ஆற்றல் அவற்றில் முழுமையாக அமையாமையே காரணம்.

மூன்று வழிகள் உண்டு. யூனிகோட் எழுத்துருவைத் தெரிந்து, அதனைக் கோப்பினுள்ளேயே அடக்கிச் சேமித்தல் முதலாவது. தமிழ்க் குறிப்பை வேறிடத்தில் எழுதிப் படமாக்கி ஒட்டுதல் இரண்டாவது. மூன்றாவது வழி பழையது, ஆயினும் சிறந்தது: படத்தில் 1, 2, 3 என்று வட்டமிட்ட எண்களை மட்டும் இட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய விளக்கத்தைத் தனித்தாளில் தமிழில் எழுதுதல். அத்தாளைப் படத்தின் இரண்டாம் பக்கமாக இணைத்துவிட்டால், ஒன்றைப் பிரிந்து மற்றொன்று போகாது.

கருவிப்பெட்டியைத் தமதாக்கல்

தச்சனின் உளிப்பெட்டி அவன் கைக்கேற்ப அமைவது போல, மென்பொருளையும் தம் வேலைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். கதவு, ஜன்னல், மின்விளக்கு, தண்ணீர்க் குழாய் முதலியவற்றுக்கு அடிக்கடி இடும் குறிகளை ஒருமுறை செய்து கருவிப்பெட்டியிற் சேமித்தால், பின்னர் எடுத்து வைப்பதே வேலை. எண்ணும் கருவியைக் கொண்டு மின்விளக்குகளை ஒவ்வொன்றாய்த் தொட்டுச் சென்றால் தொகை தானே வரும்.

நிறங்களுக்கும் ஒரு நியதி வேண்டும். சேர்ப்பதற்குச் சிவப்பு, நீக்குவதற்குப் பச்சை, விளக்கத்துக்கு நீலம் எனப் பல அலுவலகங்கள் கொள்வதுண்டு. எந்த நியதியாயினும் ஆகுக. அதனைப் படத்தின் ஓரத்தில் எழுதிவைப்பதே முக்கியம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது பெயர். குறியிட்டவர் யார் என்பதை மென்பொருள் தானே பதிவு செய்யும். ஆனால் அது கணினிக்கு உரியவரின் பெயரையே எடுத்துக்கொள்வது வழக்கம். சந்தியிலுள்ள கடைக் கணினியில் மூவர் திருத்தினால், மூவரின் குறிகளும் கடைக்காரர் பெயரிலேயே நிற்கும். ஆகவே எழுதத் தொடங்குமுன் பெயரை மாற்றுக. குறிப்பட்டியலில் “கேட்டவர்”, “காரணம்”, “பொறியியலாளர் முடிவு” என மூன்று பத்திகளைப் புதிதாய்ச் சேர்க்க ரெவ்யூ இடந்தருகிறது. அம்மென்பொருள் இல்லாதவர் ஒரு கொப்பியில் அதே மூன்று பத்திகளைக் கீறிக்கொள்ளலாம், பயனில் வேறுபாடில்லை.

பழைய படமும் புதிய படமும் கையில் இருந்து, எங்கே மாறிற்று என்று தெரியாவிடின், இரண்டையும் ஒன்றன்மேலொன்று வைத்து வெவ்வேறு நிறத்திற் காட்டும் வசதியும் உண்டு. பொருந்தாத கோடு நிறத்தால் தனித்துத் தோன்றும். இரு பக்கங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதே இதற்கு நிபந்தனை.

கன்சாஸ் நகரம் கற்பித்த பாடம்

“ஒரு சிறு திருத்தத்துக்கா இத்தனை பத்தி, இத்தனை பெயர்?” என்று கேட்போர் அமெரிக்காவில் நடந்த ஒரு துயரத்தை நினைவுகூர்தல் வேண்டும். கன்சாஸ் நகரத்தின் ஹையட் ரீஜென்சி ஹோட்டலில், மண்டபத்தின் குறுக்கே நடைபாலங்கள் முகட்டிலிருந்து இரும்புக் கம்பிகளால் தொங்கவிடப்பட்டிருந்தன. ஒரு பாலத்தின் நேர்கீழே இன்னொரு பாலம். நீண்ட கம்பி ஒன்றே இரண்டையும் ஊடுருவித் தாங்க வேண்டும் என்பது முதற்படம். நீண்ட கம்பியில் திருகுபுரி வெட்டிப் பூட்டுதல் கடினமென்று, அதனை இரண்டாக்கி, கீழ்ப்பாலத்தை மேற்பாலத்திலிருந்தே தொங்கவிடும்படி படம் மாற்றப்பட்டது. தாளிற் பார்த்தால் மிகச் சிறிய மாற்றம். ஆனால் மேற்பாலத்தின் பூட்டில் சுமை இருமடங்காயிற்று. மாற்றிய படம் உரிய கணிப்பின்றியே பொறியியலாளரின் முத்திரை பெற்றது. 1981ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி மாலை, மண்டபத்தில் மக்கள் கூடி நடனம் பார்த்துக்கொண்டிருந்தபோது பாலங்கள் வீழ்ந்தன; 114 பேர் மாண்டனர். பொறியியலாளர் இருவர் மிசூரி மாநிலத்தில் தொழிலுரிமை இழந்தனர்.

வங்காலையிற் கட்டும் வீடு அத்தகைய மாளிகையன்று. ஆயினும் தூண் ஒன்றை “வாகனம் திரும்ப இடைஞ்சல்” என்று இரண்டடி நகர்த்துவதும், மேல்மாடிக்குத் தண்ணீர்த் தாங்கியை ஏற்றுவதும் அதே இனத்தைச் சேர்ந்த திருத்தங்களே. சுவரின் நிறத்தையும் கதவின் வேலைப்பாட்டையும் குடும்பம் தீர்மானிக்கலாம். சுமை தாங்கும் உறுப்பைத் தொடும் குறி ஒவ்வொன்றும் பொறியியலாளரிடம் சென்று, கணிக்கப்பட்டு, புதிய இலக்கமும் தேதியும் கொண்ட படமாகத் திரும்பி வருமட்டும் வெறும் வேண்டுகோளேயாகும், கட்டளையாகாது. பிரதேச சபை அங்கீகரித்த படத்துக்கு மாறானதாயின் சபைக்கும் அறிவித்தல் வேண்டும். பழைய பிரதிகளின் மேல் “இது செல்லாது” என்னும் முத்திரையை இட்டுவிடுக. வேலைத்தலத்தில் ஒரே ஒரு படம் இருக்கட்டும்.

கடைசிப் படம்

வேலை முடிந்து, பால் காய்ச்சி, உறவினர் விருந்துண்டு சென்ற பின்னர் படத்தை எவரும் நினைப்பதில்லை. அப்பொழுதுதான் அதற்கு உண்மையான பெறுமதி பிறக்கிறது. கட்டுவதற்கென வரைந்த படம் வேறு. கட்டி முடிந்தபடி உள்ள படம் வேறு. குழாய் எச்சுவரினுள் ஓடுகிறது, மலக்குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி, அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்பவற்றைப் பூச்சு மூடுமுன் அளந்து, படத்திற் குறித்து, குறிகளைப் பதித்து, ஒரு பிரதியைத் தாளிலும் மற்றவற்றைக் கடல் கடந்த பிள்ளைகளிடமும் வைத்தல் வேண்டும். போர்க்காலத்தில் மன்னார்ப் பகுதியில் இடம்பெயர்ந்தோர் பலர் காணி உறுதிகளையும் வீட்டுப் பத்திரங்களையும் இழந்து பட்ட அலைச்சலை நாம் அறிவோம். ஒரே பெட்டியில் இருந்த தாள் ஒரே நாளில் அழிந்தது. நான்கு தேசங்களில் நான்கு பிரதி இருக்குமாயின் அந்நிலை வராது. திருத்தத்தைக் குழப்பிய அதே தொலைவு, இங்கே காவலாய் அமைகிறது.

மென்பொருள் கோடு கீறும், அளந்து காட்டும், யார் எப்போது எழுதினார் என்பதை மறவாது வைத்திருக்கும். அக்கோட்டின் பொருட்டுப் பொறுப்பேற்க அதனால் இயலாது. சிவப்பு மையைத் தொடுவோர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் காரணத்தையும் எழுதி, உரியவர் ஒப்புதலைப் பெறும் வழக்கம் ஏற்படுமாயின், உப்புக்காற்று வீசும் கரையிலும் வீடு நிலைக்கும். அதனைக் கட்டிய குடும்பத்தின் ஒற்றுமையும் நிலைக்கும்.